கவலையையும் கணக்கில் எழுதுவோம்

(திருநகரில் கூடிய நமது கூட்டமைப்பின் குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்கு, அடுத்த குழுக்கூட்டத்தில் பிரதிநிதிகள் வாசித்துக் காட்டவும்.)



தனக்கன்குளம், நிலையூர், ஹார்விபட்டி, திருப்பரங்குன்றம் என்று பல பக்கமிருந்தும் வீட்டு வேலை, கூலி வேலை எல்லாத்தையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சேமிப்பு, வசூல், வங்கிக்கடன் பற்றியெல்லாம் பேசி முடித்தாச்சு. இப்போது எடுத்துக்கொள்ளும் விஷயம் புற்றுநோய். "அய்யோ, அந்தப் பேச்சு எதுக்கு"ன்னு யாரும் முகத்தைத் திருப்ப வேண்டாம். நோயைப் பற்றி டாக்டர்கள் பேசட்டும். நாம் பேசப்போவது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயமான பணத்தைப் பற்றி. புற்றுநோய் வந்த வீட்டில் பணக்கவலை அந்த நோயாளியின் உடம்பையும் மனசையும் என்ன பாடு படுத்துகிறது, அதில் நம்ம குழு என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம்.

பணத்துக்கும் பக்கவிளைவு உண்டு

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினால் முடி கொட்டும், வாந்தி வரும், வாய்ப்புண் வரும் என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லி விடுகிறார்கள். அதற்கு மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆனால் சிகிச்சையோடு சேர்ந்து வருகிற கடனும், கடனால் வருகிற கவலையும் ஒரு பக்கவிளைவுதான். அதை யாரும் கேட்பதுமில்லை, நாமாகச் சொல்வதுமில்லை.

இது நம்ம ஏழை நாட்டுப் பிரச்சனை மட்டும்தானா என்றால் இல்லை. அமெரிக்காவில் உள்ள டாக்டர்களே 2013 வாக்கில், இதைப் 'பணத்தால் ஏறும் விஷம்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். மருந்தின் விஷத்தன்மையை அளக்கிற மாதிரி இதையும் அளக்க வேண்டும் என்று 2014-ல் சிகாகோ டாக்டர்கள் 11 கேள்விகள் தயார் செய்தார்கள். அந்த நாட்டின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. புற்றுநோய் வந்து, கடனில் மூழ்கித் திவாலானவர்கள், திவாலாகாத நோயாளிகளைக் காட்டிலும் இறந்துபோகும் வாய்ப்பு 79 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று அதில் கண்டார்கள்.

நமக்குப் பக்கத்திலும் கணக்கு எடுத்திருக்கிறார்கள். மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், மியான்மர் உள்ளிட்ட 8 நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்துக்குள் 100-க்கு 29 பேர் இறந்துவிட்டார்கள். 48 பேர் உயிரோடு இருந்தார்கள், ஆனால் வீட்டு வருமானத்தில் ஒரு பெரிய பங்கு வைத்தியத்துக்குப் போய்க் குடும்பம் நொடித்துவிட்டது. உயிரோடும், குடும்பம் நொடிக்காமலும் இருந்தவர்கள் 23 பேர்தான். நாலில் ஒருத்தர்கூட இல்லை. இந்தக் கணக்கை நாம் பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. பணத்தையும் சேர்த்துக் கவனித்தால்தான் வைத்தியம் முழுசாகும் என்பதற்காகச் சொல்கிறோம்.

கவலை உடம்பில் எப்படி இறங்குகிறது

நம்ம வீடுகளில் நாம் பார்ப்பதை வரிசையாகச் சொல்கிறோம். உங்களுக்கே தெரிந்த முகங்கள் ஞாபகம் வரும்.

முதலாவது தூக்கம். வலிக்கு மாத்திரை போட்டால் வலி அடங்கும். ஆனால் "திங்கக்கிழமை தவணைக்கு என்ன செய்ய"ன்னு ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டால் அதற்கு மாத்திரை இல்லை. தூங்காத உடம்பு மறுநாள் மருந்தைத் தாங்காது.

இரண்டாவது சாப்பாடு. சிகிச்சை நேரத்தில் முட்டை, பருப்பு, பால், பயறு என்று சத்தாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். நம்ம பொம்பளைங்க என்ன செய்கிறோம்? "எனக்கு எதுக்கு முட்டை, பிள்ளைக்குக் கொடு"ன்னு தள்ளி வைக்கிறோம். வீட்டில் காசு இறுகினால் முதலில் குறைவது அம்மாவின் தட்டுதான். எடை குறைந்து, ரத்தம் குறைந்து, "இந்த வாரம் மருந்து ஏத்த முடியாது, ரத்தம் பத்தல"ன்னு டாக்டர் திருப்பி அனுப்புகிறார். மறுபடியும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு போச்சு.

மூன்றாவது மாத்திரை. தினமும் போட வேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. மார்பகப் புற்றுநோய் வந்த பலருக்கு ஐந்து வருஷம்கூட மாத்திரை தொடரச் சொல்வார்கள். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு அலையணும்"னு பாதியில் நிறுத்துகிறோம். பல வீடுகளில் அந்த வார்த்தைக்கு உள்ளே ஒளிந்திருப்பது பணக் கணக்கு.

நான்காவது வாயை மூடிக்கொள்வது. வலி கூடினாலும் சொல்வதில்லை. சொன்னால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், செலவு வரும். டாக்டர் "எப்படி இருக்கீங்கம்மா"ன்னு கேட்டால் "நல்லா இருக்கேன் சார்"னு சொல்லிவிட்டு வருகிறோம்.

ஐந்தாவதுதான் எல்லாத்திலும் கொடுமை. "நான் இந்த வீட்டுக்குப் பாரமாயிட்டேன்" என்ற நினைப்பு. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை தன் மருந்துக்குப் போகிறதைப் பார்க்கிற தாய்க்கு, ஊசி குத்துகிற வலியைவிட அது பெரிய வலி. "நான் போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி"ன்னு ஒருத்தர் சொன்னால் அதைச் சும்மா பேச்சு என்று விடக்கூடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசவிட்டுக் கேளுங்கள். சிகிச்சை தருகிற டாக்டரிடம் அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். 104-லும் பேசலாம். இரண்டுக்கும் காசு கிடையாது.

நோயாளி ஆண் பிள்ளையாக இருந்தாலும் இதே கதைதான். அங்கே கடனைச் சமாளிப்பது அவர் சம்சாரம். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பதும் அவர், வட்டிக்காரருக்குப் பதில் சொல்வதும் அவர். நோய் ஒருத்தருக்கு, கவலை இரண்டு பேருக்கு.

ஒரு குழுவில் நடந்தது

நமது கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பெயரும் தெருவும் வேண்டாம்.

அவர் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். வயது நாற்பதைத் தாண்டியது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, 25 நாள் கரண்ட் வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும் என்று சொன்னார்கள். கதிர்வீச்சைத்தான் நம்ம ஊரில் கரண்ட் என்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போய்வர வேண்டும். 11 நாள் ஒழுங்காகப் போனார். 12-ஆவது நாள் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது வீட்டில் "காய்ச்சல்"னு சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் குழுத் தலைவி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு இடத்தில் வாரத்தவணைக் கடன். இரண்டுக்கும் சேர்த்து வாரம் 1,150 ரூபாய். வியாழக்கிழமை வசூலுக்கு வருகிறவர் வாசலில் உட்கார்ந்துவிடுவார். கரண்ட் வைத்துவிட்டு வீடு வர மதியம் ஆகிவிடுகிறது, அசதியில் முடிச்சுப் போட முடியவில்லை. முடிச்சு இல்லையென்றால் தவணை இல்லை. இதற்கு மேல், கல்லூரியில் படிக்கும் மகளை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்துவிட்டது.

தலைவியிடம் அவர் சொன்ன வார்த்தை இதுதான்: "வலியைப் பொறுத்துக்கிறலாம் மதினி. வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேக்கிறதைப் பொறுக்க முடியல."

யோசித்துப் பாருங்கள். அவருக்குச் சிகிச்சை இலவசம். பஸ் இலவசம். மருந்தும் இருக்கிறது. அத்தனை இருந்தும் சிகிச்சையை நிறுத்தியது வாரம் 1,150 ரூபாய். இந்த நோய்க்குக் கதிர்வீச்சை இடையில் விட்டுவிட்டு நாளைக் கடத்தினால் பலன் குறையும். மொத்தச் சிகிச்சையையும் எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. உயிர்போகிற விஷயம் ஒரு தவணை நோட்டில் நின்றுகொண்டிருந்தது.

எழுதாத கணக்கு

தலைவி அன்றைக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரு 40 பக்க நோட்டை எடுத்தார். "சொல்லுங்க, ஒண்ணொண்ணா எழுதுவோம்" என்றார். கைமாற்று 20,000, பத்து வட்டிக்கு. ஒரு கம்பெனியில் பாக்கி 32,400. இன்னொன்றில் 25,000. தோட்டை அடகு வைத்தது 10,000. கூட்டிப் பார்த்தால் 87,400 ரூபாய்.

அந்தச் சகோதரி "ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கும்"னு நினைத்துக்கொண்டிருந்தார். 87,400-ம் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் மனசுக்குள் ராத்திரியெல்லாம் வளர்ந்துகொண்டே இருந்த கடன், நோட்டில் எழுதியதும் வளர்வதை நிறுத்திவிட்டது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் தூங்கினேன் என்று பிறகு சொன்னார்.

இதை நாம் மனசில் வைக்க வேண்டும். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து "இன்னைக்கு இவ்வளவு ஆச்சு, நேத்து அவ்வளவு ஆச்சு"ன்னு புலம்பக் கூடாது. அதே நேரம் எல்லாவற்றையும் மறைக்கவும் கூடாது. மறைத்தால் அவங்க மனசு அதைவிடப் பெரிய தொகையாகக் கற்பனை செய்யும். கணக்கைப் பார்க்க ஓர் ஆள், எழுத ஒரு நோட்டு. வாரம் ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிட்டால் போதும்.

பிறகு குழு கூடியது. தீர்மானம் எழுதி, உள்கடனாக 20,000 கொடுத்துக் கைமாற்றை அடைத்தார்கள். பத்து வட்டிக்கு மாதம் 2,000 ரூபாய் வட்டி மட்டுமே போய்க்கொண்டிருந்தது. குழுவின் ஒரு ரூபாய் வட்டிக்கு அது 200 ஆயிற்று. மாதம் 1,800 ரூபாய் மிச்சம். தவணைக் கம்பெனிகளுக்கு மருத்துவச் சீட்டு நகலோடு கடிதம் எழுதி, இரண்டு உறுப்பினர்கள் அலுவலகத்துக்கே போய்ப் பேசினார்கள். ஒரு கம்பெனி மூன்று மாதம் அவகாசம் தந்தது. இன்னொன்று தரவில்லை. அந்தத் தவணையைக் குழுவே மூன்று மாதம் கட்டி, அவர் பெயரில் பற்று எழுதிக்கொண்டது.

நான்கு நாள் விட்டுப்போனதுதான். ஐந்தாம் நாள் அவர் மறுபடி போனார். டாக்டர்கள் விட்டதைச் சரிக்கட்டி சிகிச்சையை முடித்துக் கொடுத்தார்கள். இப்போது சொன்ன தேதிக்குத் தவறாமல் செக்கப் போகிறார். மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

எங்கே, என்ன கிடைக்கும்

தெரியாததால் கடன் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் புற்றுநோய்க்கு வைத்தியம் இருக்கிறது. அதைச் சேர்ந்த பாலரெங்காபுரம் மையத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை இருக்கிறது. அங்கே காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காக வைத்தியம் நிற்காது.

2. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் கேட்க 1800 425 3993. நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

3. சென்னை அடையாறுக்கோ வேறு ஊருக்கோ வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் சலுகை உண்டு. படுக்கை வசதி வகுப்பில் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் வாங்கி, ஸ்டேஷன் முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

4. சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். துணைக்குப் போகிறவரும் பெண்ணாக இருந்தால் இரண்டு பேர் செலவும் மிச்சம்.

5. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பு செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

6. எடுத்த ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஆஸ்பத்திரி மாறினால் அதே ஸ்கேனை மறுபடி எடுக்கிற செலவு பல நேரம் குறையும். "லேகியம் சாப்பிட்டா கரைஞ்சிரும்"னு சொல்லிப் பணம் பறிக்கிறவர்களிடம் போய் ஏமாற வேண்டாம். காசோடு நாளும் போய்விடும்.

இவ்வளவு இருந்தும் எதுக்குக் கடன் வருதுன்னு கேட்பீர்கள். காப்பீடு தருவது ஆஸ்பத்திரிக்கு. வழியில் டீ, சாப்பாடு, ஆட்டோ, துணைக்கு வருகிறவர் இழக்கும் கூலி, இவையெல்லாம் எந்த அட்டையிலும் வராது. கூலி நாளைக்கு 500 என்று வைத்தால் 25 நாளைக்கு 12,500 ரூபாய். நோயாளியின் கூலியும் சேர்ந்தால் இரட்டிப்பு. பத்து வட்டிக்காரர் வாசலுக்கு வருவது இந்த இடத்தில்தான்.

கந்துவட்டி வாங்குவது 2003-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சிறுகடன் கம்பெனிகளுக்கும் ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது, கேவலமாகப் பேசக்கூடாது. வாங்கிய கடனைக் கட்ட வேண்டியது நம்ம கடமை. ஆனால் படுக்கையில் கிடப்பவரைக் கேவலப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

குழு செய்ய வேண்டியவை

ஓர் உறுப்பினருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ இந்த நோய் என்று தெரிந்த முதல் வாரத்திலேயே கீழ்க்கண்டவற்றைச் செய்வோம்.

இரண்டு பேர் மட்டும் வீட்டுக்குப் போகணும். கூட்டமாகப் போய் அழ வேண்டாம். புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதில்லை. பக்கத்தில் உட்காரலாம், அவங்க வீட்டில் சாப்பிடலாம். கடன் முழுதையும் ஒரு நோட்டில் எழுதணும். அதில் எது வட்டி அதிகமோ அதை முதலில் அடைக்க வழி பார்க்கணும்.

உள்கடன் தவணையைச் சிகிச்சை முடியும் வரை தள்ளி வைத்துத் தீர்மானம் போடணும். கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் போடக் கூடாது. வங்கிக்கடனில் அவர் பங்கு இருந்தால், தவணை தவறும் முன்பே தலைவியும் பிரதிநிதியும் மேனேஜரைப் பார்த்துப் பேசணும்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் நாளைக் கொடுக்கலாம். 25 நாள் கரண்டுக்கு 12 பேர் முறை போட்டுத் துணைக்குப் போனால் ஓர் ஆளுக்கு இரண்டு நாள்தான் வரும். வீட்டுக்காரர் வேலைக்குப் போகலாம், அந்த 12,500 மிச்சம்.

டாக்டரிடம் போகும்போது "இவங்க பணத்துக்குக் கஷ்டப்படுறாங்க, விலை குறைஞ்ச மருந்து இருக்கா, நாளை மாத்தித் தர முடியுமா"ன்னு துணைக்குப் போகிறவர் வாய் திறந்து கேட்கணும். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. தெரிந்தால்தான் அவர்களும் வழி சொல்ல முடியும்.

"நாங்க எப்படிக் கட்டுறது?"

இப்படிச் சொன்னதும் சில குழுக்களில் கேட்பார்கள்: "அவங்க தவணையை நிறுத்தினா நாங்க எப்படிக் கட்டுறது? நாங்களும் கஷ்டத்துலதானே இருக்கோம்?" இது நியாயமான கேள்வி. கேட்டவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. 15 பேர் உள்ள குழு ஒரு புற்றுநோய்ச் செலவைத் தாங்காது. தாங்க முயற்சி செய்தால் அந்தக் குழுவே உடைந்துபோகும்.

அதனால்தான் கூட்டமைப்பு. ஒரு குழுவில் 15 பேர், 40 குழு என்று வையுங்கள். 600 பேர். ஆளுக்கு மாதம் 10 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000 ரூபாய். ஒரு டீ விலையில் நாலு குடும்பத்தைப் பத்து வட்டியிலிருந்து மீட்கலாம். இதற்கு எல்லை வைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று முதலிலேயே தீர்மானத்தில் எழுத வேண்டும். யாருக்குக் கொடுத்தோம் என்பது கணக்கில் இருக்கட்டும். என்ன நோய் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. வாங்கியவர் உடம்பு தேறியதும் சிறுகச் சிறுகத் திருப்பட்டும். தேறாமல் போனால் அந்தப் பிள்ளைகள் வாசலில் போய் நாம் நிற்கக் கூடாது. அதையும் முன்பே எழுதி வைப்போம்.

பொம்பளைங்க கட்டிய ஆஸ்பத்திரி

"பத்து ரூபாயில என்ன ஆகும்"னு நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்த வேதனை அம்மையார் மனசை விட்டுப் போகவே இல்லை. இந்திய மாதர் சங்கம் என்ற பெண்கள் அமைப்பின் புற்றுநோய் நிவாரண நிதியைக் கொண்டுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் ஆரம்பித்தது. அப்போது 12 படுக்கை. 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மா 2021-ல் இறக்கும்வரை அதற்காகவே வாழ்ந்தார். காசு இல்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கொள்கை. நாம் ஆஸ்பத்திரி கட்டப் போவதில்லை. ஆனால் பெண்கள் சேர்ந்து நிதி சேர்த்து உயிரைக் காப்பது இந்த மண்ணில் புதுசு இல்லை.

முன்னாலேயே பார்த்தால் செலவும் குறைவு

கடைசியாக ஒன்று. நம்ம பக்கத்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ஆம் வருஷம் தொடங்கி, 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் மாதிரியான திரவம், தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை செய்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. அந்த நோயில் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. அப்படிப் பரிசோதனை இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மார்பகப் பரிசோதனையும் உண்டு. 30 வயது தாண்டிய எல்லாரும் போய்ப் பாருங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் சிகிச்சை நாள் குறையும், கூலி இழப்பு குறையும், கடன் குறையும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டால் அதற்கு வட்டி போட்டுக் கட்ட வேண்டிவரும்.

பிரதிநிதிகள் இந்த மாதக் கூட்டத்தில் மூன்று தீர்மானத்தை வையுங்கள். ஒன்று, எல்லா உறுப்பினர் வீட்டிலும் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று சரிபார்ப்பது. இரண்டு, பத்து ரூபாய் நிதி. மூன்று, நோய் வந்த வீட்டுக்குப் போக இரண்டு பேரை இப்போதே தேர்ந்தெடுப்பது. தீர்மான நகலை அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.

வசூல் நோட்டில் ஒருத்தர் பெயருக்கு நேராக இரண்டு வாரம் கட்டம் காலியாக இருந்தால், "ஏன் கட்டல"ன்னு கேட்பதற்கு முன்னால் "உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேளுங்கள்.